இருப்பு அழைப்பு மட்டும் 100 வினாடியில் அறுகிறது: டபிள்யூபிஎஃப், எச்டிடிபி கிளையன்ட்

வண்ணத்திரை கேட்டது:

டாட்நெட் ஃப்ரேம்வொர்க் 4.8, டபிள்யூபிஎஃப் (விண்டோஸ் டெஸ்க்டாப் திரைகளுக்கான கட்டமைப்பு) செயலி. திறந்ததும் ஒரே சர்வரிடம் மூன்று வேலை போகிறது: பொருள் படங்கள் (120 கோப்பு, ஒவ்வொன்றும் 1 எம்பி அளவு, டாஸ்க்.வென்ஆல் மூலம் ஒரே நேரத்தில்), 300 எம்பி அப்டேட் கோப்பு (கெட்பைட்அரேஅசிங்க்), 5 வினாடிக்கு ஒருமுறை சரக்கு இருப்பைக் கேட்கும் சின்ன ஜேசன் அழைப்பு. எச்டிடிபி கிளையன்ட் (சர்வருக்குக் கோரிக்கை அனுப்பும் வகுப்பு) ஒன்றே ஒன்றுதான், ஸ்டாட்டிக் (செயலி முழுவதற்கும் பொது).

லோக்கல்ஹோஸ்ட் சர்வரோடு எல்லாம் பறக்கிறது. கிளை அலுவலகத்தில் நிறுவினால் இருப்பு அழைப்பு டாஸ்க்கேன்சல்டு எக்செப்ஷனில் விழுகிறது. நிரலில் எங்கும் கேன்சல் இல்லை. சர்வர் லாகில் அந்தக் கோரிக்கை வந்த தடமே இல்லை. அப்டேட்டும் பாதியில் நிற்கிறது. டைம்அவுட்டை 10 நிமிடம் ஆக்கினால் போதுமா? ப்ராக்ஸி (இடையில் நிற்கும் சர்வர்) உள்ள ஒரு கிளையில் 407 (ப்ராக்ஸி அடையாளம் கேட்கும் பிழை) வேறு வருகிறது.

---

போர்ட்443:

டைம்அவுட்டைத் தொடாதீர்கள். சர்வர் லாகில் தடம் இல்லை என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். கோரிக்கை உங்கள் கணினியை விட்டே கிளம்பவில்லை.

ஃப்ரேம்வொர்க்கில் டெஸ்க்டாப் செயலிக்கு ஒரு சர்வருடன் ஒரே நேரத்தில் 2 இணைப்புதான் இயல்பு. அப்டேட் ஒன்றைப் பிடித்துக்கொள்கிறது, 120 படமும் இன்னொன்றில் வரிசை கட்டுகின்றன. இருப்பு அழைப்பு அந்த வரிசையின் வாலில் நிற்கிறது. எச்டிடிபி கிளையன்ட்டின் இயல்பு டைம்அவுட் 100 வினாடி. அந்தக் கடிகாரம் சென்ட்அசிங்க் அழைத்த கணமே ஓடத் தொடங்கும். வரிசையில் காத்த நேரமும் கணக்கில் சேரும். நேரம் முடிந்தாலும் ஃப்ரேம்வொர்க் தருவது டாஸ்க்கேன்சல்டு எக்செப்ஷன்தான், டைம்அவுட் எக்செப்ஷன் அல்ல. அதனால்தான் யாரோ கேன்சல் செய்த மாதிரி தெரிகிறது.

லோக்கல்ஹோஸ்ட்டில் ஏன் வரவில்லை? லூப்பேக் முகவரிக்கு (கணினி தன்னையே அழைக்கும் முகவரி) இந்த வரம்பு கிடையாது. இந்தப் பிழையைப் பிடிக்க அதே லேனில் உள்ள வேறொரு கணினியில் சர்வரை ஓட்டிச் சோதிக்க வேண்டும்.

செய்ய வேண்டியது: ஆப் வகுப்பின் ஆன்ஸ்டார்ட்அப்பில், முதல் கோரிக்கைக்கு முன்பே, சர்வீஸ்பாயின்ட்மேனேஜர்.டிஃபால்ட்கனெக்‌ஷன்லிமிட் = 8. "முன்பே" என்பது முக்கியம். ஒரு சர்வருக்கான சர்வீஸ்பாயின்ட் (அதன் இணைப்புகளை நிர்வகிக்கும் பொருள்) உருவான பிறகு இதை மாற்றினால் அதற்குப் பலிக்காது. 50, 100 என்றெல்லாம் வைக்க வேண்டாம், எல்லாக் கிளைகளும் காலையில் ஒன்றாகத் திறக்கும்போது சர்வர் திணறும். அதோடு படங்களை, ஒரே நேரத்தில் நான்கை மட்டும் விடும் செமஃபோர்ஸ்லிம்(4) வழியாக விடுங்கள். அது இல்லையென்றால் வரம்பு எவ்வளவாக இருந்தாலும் 120 படமும் அதை நிரப்பிவிடும்.

---

கடைசிபைட்:

மேலே சொன்னது சரி, ஆனால் அப்டேட் கோப்பு அதனால் மட்டும் தேறாது. கெட்பைட்அரேஅசிங்க் 300 எம்பியையும் நினைவகத்தில் சேர்த்த பிறகுதான் திரும்பும்; அது முழுவதும் அதே 100 வினாடிக்குள் முடிய வேண்டும். உங்கள் செயலி 32 பிட் என்றால் அவ்வளவு பெரிய தொடர் இடம் கிடைக்காமல் அவுட்ஆஃப்மெமரியும் வரலாம்.

கெட்அசிங்கில் எச்டிடிபிகம்ப்ளீஷன்ஆப்ஷன்.ரெஸ்பான்ஸ்ஹெடர்ஸ்ரீட் கொடுங்கள். ஹெடர் வந்ததும் திரும்பிவிடும், டைம்அவுட் கடிகாரமும் அங்கே நின்றுவிடும். அதன் பிறகு ஸ்ட்ரீமை 80 கேபி துண்டுகளாகப் படித்து ‘.பார்ட்’ கோப்பில் எழுதி, முழுதும் வந்ததும் பெயர் மாற்றுங்கள். ரெஸ்பான்ஸை யூசிங்கில் வைக்க மறந்து, முழுதும் படிக்காமல் பாதியில் விட்டால் இணைப்பு விடுபடாது, இருப்பதில் ஒன்று போச்சு.

இறங்கிய அளவை ஒவ்வொரு துண்டுக்கும் திரைக்கு அனுப்பாதீர்கள். 300 எம்பிக்கு ஏறக்குறைய 3,800 முறை. டிஸ்பாச்சர் (திரை வேலைகளை வரிசையாக நடத்துவது) அதிலேயே மூழ்கும். கால் வினாடிக்கு ஒருமுறை போதும்.

லைன் அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடர ரேஞ்ச் ஹெடர், கூடவே இஃப்ரேஞ்சில் முதல் பதிலின் ஈடேக் (கோப்பின் பதிப்பு அடையாளம்). 206 (கேட்ட பகுதி மட்டும்) வந்தால் கோப்பின் வாலில் ஒட்டுங்கள். 200 வந்தால் சர்வர் முழுக் கோப்பையும் முதலிலிருந்து அனுப்புகிறது என்று பொருள். அதையும் வாலில் ஒட்டினால் கோப்பு கெட்டுவிடும். இதைப் பார்க்காமல் எழுதிய நிரல்தான் அதிகம்.

---

வண்ணத்திரை:

லிமிட் 8, செமஃபோர் 4. இருப்பு அழைப்பு இப்போது உடனே வருகிறது, நன்றி. ரெஸ்பான்ஸ்ஹெடர்ஸ்ரீடும் வேலை செய்கிறது. ஆனால் கிளையில் லைன் தொங்கிவிட்டால் ரீட்அசிங்க் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. கேன்சலேஷன் டோக்கன் (நிறுத்தச் சொல்லும் சமிக்ஞை) கொடுத்திருக்கிறேன், கேன்சல் பொத்தானுக்கு மசியவில்லை.

---

கடைசிபைட்:

ஃப்ரேம்வொர்க்கில் அந்த ஸ்ட்ரீம், படிக்கத் தொடங்கும் முன் மட்டும்தான் டோக்கனைப் பார்க்கும். பாதியில் கண்டுகொள்ளாது. டோக்கன்.ரெஜிஸ்டரில் ரெஸ்பான்ஸை டிஸ்போஸ் செய்யுங்கள். அடியில் உள்ள இணைப்பு மூடப்பட்டு ரீட் உடைந்து வெளியே வரும். வரும் எக்செப்ஷன் ஐஓ வகையாகவோ ஆப்ஜெக்ட்டிஸ்போஸ்டாகவோ இருக்கலாம். அதனால் கேட்ச்சில் வகையை நம்பாமல், டோக்கன்.ஈஸ்கேன்சலேஷன்ரிக்வெஸ்டட் உண்மையா என்று பாருங்கள்.

தொங்கும் லைனுக்கும் இதே வழி: ஒவ்வொரு துண்டு வந்ததும் கேன்சல்ஆஃப்டரை மறுபடி 30 வினாடிக்கு வையுங்கள். மொத்த நேரத்துக்கு வரம்பு போடுவதைவிட இதுதான் நியாயம். மெதுவான லைன் தப்பிக்கும், செத்த லைன் மாட்டும்.

---

திண்ணைநிரலர்:

407 பற்றி யாரும் தொடவில்லை. எச்டிடிபி கிளையன்ட்டின் ஹேண்ட்லரில் யூஸ்டிஃபால்ட்கிரெடென்ஷியல்ஸ் = ட்ரூ போட்டுப் பலர் ஏமாறுகிறார்கள்; அது சர்வருக்கான அடையாளம், ப்ராக்ஸிக்கு அல்ல. ப்ராக்ஸிக்கு, ஆப்.கான்ஃபிக்கில் சிஸ்டம்.நெட் பகுதிக்குள் டிஃபால்ட்ப்ராக்ஸி, அதில் யூஸ்டிஃபால்ட்கிரெடென்ஷியல்ஸ்="ட்ரூ". விண்டோஸ் லாகினையே ஏற்கும் ப்ராக்ஸிக்கு இது போதும். பேசிக் கேட்கும் ப்ராக்ஸி என்றால் பயனரிடம் பெயரும் கடவுச்சொல்லும் வாங்கித்தான் ஆக வேண்டும்.

பழைய ப்ராக்ஸி என்றால் போஸ்ட் கோரிக்கைக்கு 417 வரவும் வாய்ப்புண்டு. ஃப்ரேம்வொர்க் தானாகச் சேர்க்கும் எக்ஸ்பெக்ட் ஹெடர்தான் (தரவை அனுப்பும் முன் சர்வரின் சம்மதம் கேட்பது) காரணம். டிஃபால்ட்ரிக்வெஸ்ட்ஹெடர்ஸ்.எக்ஸ்பெக்ட்கன்டின்யூ = ஃபால்ஸ் வையுங்கள்.

டாட்நெட் 8க்கு நகரும் எண்ணம் இருந்தால் இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். அங்கே சிஸ்டம்.நெட் பகுதியும் சர்வீஸ்பாயின்ட்மேனேஜரும் எச்டிடிபி கிளையன்ட்டை அசைக்காது. சர்வீஸ்பாயின்ட்மேனேஜரில் வைத்ததைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். எல்லாம் சாக்கெட்ஸ்எச்டிடிபிஹேண்ட்லரில்: ப்ராக்ஸிக்கு டிஃபால்ட்ப்ராக்ஸிகிரெடென்ஷியல்ஸ், இணைப்பு எண்ணிக்கைக்கு மேக்ஸ்கனெக்‌ஷன்ஸ்பெர்சர்வர். இது இயல்பில் வரம்பற்றது, அதாவது உங்கள் 120 படமும் ஒரே மூச்சில் பாயும், செமஃபோரை எடுத்துவிடாதீர்கள். கனெக்ட்டைம்அவுட்டும் இயல்பில் வரம்பற்றதே, 10 வினாடி வையுங்கள். ஸ்டாட்டிக் கிளையன்ட் என்பதால் பூல்ட்கனெக்‌ஷன்லைஃப்டைம் 5 நிமிடம் போல ஒரு அளவு அவசியம். விட்டால் இருப்பு அழைப்பு 5 வினாடிக்கு ஒருமுறை பழைய இணைப்பை உயிரோடு வைத்திருக்கும், சர்வரின் ஐபி மாறினாலும் அந்த இணைப்பு அறும்வரையோ செயலியை மூடித் திறக்கும்வரையோ பழைய முகவரிக்கே போய்க்கொண்டிருக்கும்.