லேண்ட்ரோவர் சீரிஸ் 3க்கு 4ஜேபி1 ஏற்றிய பிறகு சூட்டில் ரிவர்ஸ் கியர் கடிக்குது, உதவுங்க

கேள்வி (புசல்லாவை)
வணக்கம் அண்ணன்மாரே. வாகனம் 88 அங்குல லேண்ட்ரோவர் சீரிஸ் 3. பழைய 2.25 பெட்ரோல் எஞ்சினை (2286 சி.சி.) இறக்கிட்டு, எல்ஃப் லொறியில இருந்து வந்த இசுசு 4ஜேபி1 டீசல் (2771 சி.சி., டர்போ இல்லை) ஏற்றியிருக்கு. கியர்பொக்ஸ் லேண்ட்ரோவருடையதுதான், அது இருந்த இடத்திலயே இருக்கு. எஞ்சினையும் கியர்பொக்ஸையும் இணைக்க நடுவில 20 மி.மீ. இரும்பு அடாப்டர் தகடு. கிளச் கவர் இசுசு, டிஸ்க்குக்கு லேண்ட்ரோவர் ஹப் மாற்றினது. ஸ்பிகட் புஷ் (கிராங்க் நுனிக் குழியில இருந்து கியர்பொக்ஸ் இன்புட் ஷாஃப்ட்டின் நுனியைத் தாங்குற வளையம்) லேத்தில கடைஞ்சது.

காலையில கியர் எல்லாம் சுகமா விழுது. அரை மணி நேரம் ஓடின பிறகு ரிவர்ஸ் கடிக்குது (பல் உரசிக் கர்ரென்று கத்துது), ஃபர்ஸ்ட்டும் இறுக்கம். எஞ்சினை நிறுத்தினா உடனே விழுது. ரம்பொடை ஏற்றத்தில டெம்பரேச்சர் முள் சிவப்புக்குப் போகுது, ஆனா தண்ணி குறையல, கொதிக்கவும் இல்லை. பிரேக் பெடல் கல்லு மாதிரி இருக்கு (சேர்வோ, அதாவது வெக்குவத்தின் உறிஞ்சல் விசையால பெடலை இலேசாக்குற பகுதி, பூட்டின வாகனம்). நுவரெலியா டவுன் பக்கம் கரும்புகை, கம்பளையில அது இல்லை. டீசல் கேஜும் எப்பவும் ஃபுல்தான் காட்டுது. எதிலிருந்து தொடங்குறது?

பதில் (பண்டாரவளை)
முதல்ல பிரேக். மற்றதெல்லாம் பிறகு. சேர்வோ ஹோஸ் எங்கே பூட்டியிருக்கு? பெட்ரோல் எஞ்சின்ல இன்லெட் மேனிஃபோல்டில வெக்குவம் கிடைக்கும். டீசலுக்கு த்ரொட்டில் இல்லை, அதனால மேனிஃபோல்டில வெக்குவமும் இல்லை. எல்ஃப் எஞ்சினின் ஓல்டனேட்டரோட (பெட்டரியைச் சார்ஜ் பண்ணுறது) பின்பக்கம் ஒரு வெக்குவம் பம்ப் இருக்கும், ஹோஸ் அங்கேதான் போகணும், நடுவில நொன்-ரிட்டர்ன் வால்வோட (ஒரு பக்கம் மட்டும் விடுறது). அந்தப் பம்புக்கு எஞ்சின் ஒயில் போகவும் வேணும், சம்புக்கு (எஞ்சின் அடியில இருக்கிற ஒயில் தட்டு) திரும்பி வரவும் வேணும். திரும்பி வர்ற ஹோஸ் மடங்காம, கீழ்நோக்கி இறங்கணும். அது அடைபட்டா ஒயில் சேர்வோவுக்குள்ள போய் ரப்பரைக் கெடுக்கும்.

சோதனை இது: எஞ்சின் நிற்கும்போது பெடலை அஞ்சு தடவை மிதியுங்க. அழுத்திப் பிடிச்சபடி ஸ்டார்ட் பண்ணுங்க. கால் கொஞ்சம் கீழே இறங்கணும். இறங்காட்டி தயவுசெய்து ரம்பொடைப் பக்கம் கீழே இறங்க வேணாம்.

பதில் (ஹட்டன்)
தம்பி, டெம்பரேச்சரும் டீசல் கேஜும் ஒண்ணாப் பிழை காட்டுறதை நீங்க கடைசியில சும்மா எழுதியிருக்கீங்க. அதுதான் துப்பு. சீரிஸ் 3ல இந்த ரெண்டு கேஜுக்கும் 10 வோல்ட் கொடுக்கிற ஒரு ஸ்டெபிலைசர் டெஷ்போர்டுக்குப் பின்னால இருக்கு. அதோட உடம்புக்கு ஏர்த் கிடைக்காட்டி முழு வோல்டேஜும் கேஜுக்குப் போயிடும், ரெண்டு முள்ளும் கூடத்தான் காட்டும். எஞ்சின் மாற்றும்போது டெஷ்போர்டைக் கழட்டினா இது அடிக்கடி நடக்கும். அவுட்புட் முனையில டெஸ்ட் பல்ப் வையுங்க. பல்ப் விட்டுவிட்டு எரிஞ்சா நல்லது. விடாம எரிஞ்சா ஏர்த் இல்லை, இல்லாட்டி ஸ்டெபிலைசர் செத்திருக்கு. சென்டரும் (எஞ்சின் சூட்டை உணர்ந்து கேஜுக்குச் சொல்றது) லேண்ட்ரோவருடையதா பாருங்க. இசுசு சென்டர் இந்தக் கேஜுக்குப் பொருந்தாது.

அதுக்கு முன்னால ரேடியேற்றரில கை வைக்க வேணாம், தர்மோஸ்டாட்டையும் கழட்ட வேணாம். இன்ஃப்ராரெட் தெர்மோமீற்றரால தர்மோஸ்டாட் ஹவுசிங்கில (அதோட கூடு) சூட்டை அளந்து பாருங்க. நுவரெலியா 1868 மீற்றர் உயரம், மூடாத பாத்திரத்தில தண்ணி அங்கே கிட்டத்தட்ட 94 டிகிரியிலயே கொதிக்கும். 0.9 பார் ரேடியேற்றர் கேப் நல்லா இருந்தா 110 தாண்டியும் கொதிக்காது. அதனால கேப் ரப்பரையும் பாருங்க.

கரும்புகை வேற கதை. அந்த உயரத்தில காற்று அஞ்சில ஒரு பங்கு குறைவு. கீழ்நாட்டில செட் பண்ணின டீசல் பம்ப் அதே அளவு டீசலை அடிச்சா மிச்சம் புகையா வரும். ஏர் ஃபில்டரைப் பார்த்துட்டு, பம்பின் பின்பக்கத்து ஃபுல்-லோட் ஸ்க்ரூவை இடப்பக்கமா எட்டில ஒரு சுற்று மட்டும் தளர்த்தி ஓட்டிப் பாருங்க. பழைய இடத்தை பெயின்ட்டால குறிச்சு வையுங்க.

பதில் (தலவாக்கலை)
கியர் விஷயத்துக்கு வர்றேன். எஞ்சினை நிறுத்தினா விழுதுன்னா கியர்பொக்ஸில பிழை தேட வேணாம். பெடலை மிதிச்ச பிறகும் இன்புட் ஷாஃப்ட் சுத்துது. ரிவர்ஸுக்கு சின்க்ரோ (பல்லுகளின் வேகத்தைச் சமப்படுத்துறது) இல்லாததால அதுதான் முதல்ல கத்தும்.

சூட்டில கடிக்கும்போது பெடலை ரெண்டு தடவை வேகமா அடிச்சுட்டு கியர் போடுங்க. சரியானா ஹைட்ரோலிக்: உள்ள காற்று, இல்லாட்டி எக்ஸோஸ்ட் பைப் கிளச் குழாய்க்குக் கிட்டப் போய் ஒயிலைச் சுட வைக்குது. மாற்றம் இல்லாட்டி கிளச் டிஸ்க் முழுக்க விடாம இழுபடுது, அல்லது ஸ்பிகட் புஷ் பிடிக்குது.

ஸ்பிகட் புஷ்ஷுக்கு ஓட்டத்தில வேலையே இல்லை. பெடல் மேல இருக்கும்போது ஷாஃப்ட்டும் கிராங்க்கும் ஒண்ணாச் சுத்தும். பெடலை மிதிச்சு, கியர் போட்டு, வாகனம் நிற்கிற நேரம் மட்டும்தான் புஷ் உராயும். அப்போ மட்டும் கீச்சுச் சத்தம் வருதா கேளுங்க. புஷ் எதில கடைஞ்சது? அடாப்டரில டவல் பின் (தகட்டைச் சரியான இடத்தில பிடிச்சு வைக்கிற உருளை ஆணி) இருக்கா?

கேட்டவர்
பிரேக் ஹோஸ் மேனிஃபோல்டிலதான் இருந்திச்சு. ஓல்டனேட்டர் பம்புக்கு மாற்றினேன், பெடல் இறங்குது. ஸ்டெபிலைசருக்கு ஏர்த் இல்லை, வயர் ஒண்ணு இழுத்ததும் ரெண்டு கேஜும் சரி. ஏற்றத்தில 92 டிகிரிதான்.

பெடலை அடிச்சுப் பார்த்தேன், மாற்றம் இல்லை. சத்தம் நீங்க சொன்ன நேரத்தில மட்டும் வருது. புஷ் சாதாரண பித்தளை. டவல் இல்லை, போல்ட் மட்டும்தான். புஷ்ஷை மட்டும் மாற்றினா போதுமா?

பதில் (தலவாக்கலை)
போதாது. டவல் இல்லாம அடாப்டர் நடுவில உட்காராது, புதுப் புஷ்ஷையும் தின்னும். கியர்பொக்ஸை இறக்குங்க. குளோ பிளக் நாலையும் கழட்டினா கிராங்க்கைக் கையால சுத்தலாம். டயல் கேஜின் (சின்ன அசைவையும் முள்ளில காட்டுற அளவுகோல்) காந்த அடியை ஃப்ளைவீலில வைச்சு, முனையை அடாப்டர் வட்டத்தின் உள்விளிம்பில தொட வைச்சு ஒரு முழுச் சுற்று. முள் மொத்தமா 0.25 மி.மீ.க்குள்ள நிற்கணும். அதே மாதிரி அடாப்டரின் தட்டையான முகப்பிலயும் ஒரு அளவு. முகப்பு கூடினா தகட்டுக்கு அடியில பெயின்ட் அல்லது பிசிறு இருக்கும்.

கேட்டவர்
0.62 காட்டுது. முகப்பு 0.10. ஷாஃப்ட் நுனியில நீலம் பாரிச்சு மெல்லிய கீறல்.

பதில் (தலவாக்கலை)
0.62 முள் அசைவுன்னா மையம் 0.31 விலகியிருக்கு. அடாப்டர் போல்ட் ஓட்டைகளை அரை மி.மீ. பெருசாக்குங்க. போல்ட்டைப் பாதி இறுக்கி, ரப்பர் சுத்தியலால தட்டித் தட்டி 0.25க்குள்ள கொண்டுவாங்க. முழுக்க இறுக்கிட்டு மறுபடி அளந்து பாருங்க, இறுக்கும்போது நகரும். பிறகுதான் எதிரெதிர் மூலையில ரெண்டு 10 மி.மீ. டவலுக்குத் துளை போட்டு ரீமர் (துளையைச் சரியான அளவுக்குச் சீவுறது) விடணும்.

புஷ் ஒயில் ஊறுற சின்டர் வெண்கலத்தில (தூளை அழுத்திச் சுட்டது, நுண்துளை உள்ளது) இருக்கணும். ஒரு நாள் எஞ்சின் ஒயிலில ஊற வையுங்க. அடிச்சு ஏற்றினதும் உள்விட்டம் சுருங்கும், அதனால ஏற்றின பிறகு ஷாஃப்ட்டோட 0.05 மி.மீ. அளவு இடைவெளி வர்ற மாதிரி கடையச் சொல்லுங்க. பிறகு எமரி போட்டுத் தேய்க்கக் கூடாது, துளைகள் அடைபட்டு ஒயில் வராது. ஷாஃப்ட் நுனி கிராங்க் குழியின் அடியில முட்டுதான்னு களிமண் உருண்டை வைச்சுப் பாருங்க, 2 மி.மீ.யாவது மிஞ்சணும். டிஸ்க் ஹப் ஃப்ளைவீல் போல்ட் தலையில உரசியிருக்கான்னும் அப்பவே பாருங்க. நுனியில கீறல் நகத்தில தட்டினா ஷாஃப்ட்டை மாற்றுங்க.

பதில் (ஹட்டன்)
ரெண்டு விஷயம் சேர்க்கிறேன். எஞ்சின் நம்பரும் எரிபொருள் வகையும் மாறினதை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில பதிஞ்சு சி.ஆர். புத்தகத்தை (வாகனப் பதிவுச் சான்று) திருத்துங்க. இன்னொண்ணு, லோ ரேஞ்ச் ஃபர்ஸ்ட்ல கிளச்சைப் பட்டென்று விட வேணாம், சீரிஸ் பின் ஆக்ஸில் ஷாஃப்ட் அதைத் தாங்காது.

பதில் (தலவாக்கலை)
கியர்பொக்ஸை ஏற்றும்போது கடைசி இடைவெளியைப் போல்ட்டால இழுத்து மூடாதீங்க. ஜாக்கில மட்டம் பிடிச்சா அது கையாலயே உட்காரணும். உட்காராட்டி டிஸ்க் நடுவில இல்லை, கழட்டித் திரும்ப மையம் பிடியுங்க. பாரத்தை ஹப்பில தொங்கவிட்டா டிஸ்க் வளையும், ரிவர்ஸ் மறுபடி கடிக்கும்.