அறிமுகமும் ஒரு வேண்டுகோளும்: பழைய பாமினிக் கோப்புகள்

ஊர்ச் சங்கத்து உறவுகள் அனைவருக்கும் வணக்கம்.

புதிதாகச் சேர்ந்தவர்கள் தங்களைப் பற்றி நாலு வரி எழுத வேண்டும் என்று செயலாளர் அண்ணா கேட்டிருந்தார். சேர்ந்து நான்கு மாதமாகிறது. இன்றுதான் எழுத முடிந்தது. நாலு வரியில் நிற்காது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் யார் வீட்டுப் பிள்ளை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நெடுந்தீவில் சைக்கிளில் வீடு வீடாகக் கடிதம் கொண்டுபோய்க் கொடுத்த தபாற்காரரின் மகன்வழிப் பேத்தி. தீவின் மத்தியில், கல்வேலிக்குள் இரண்டு பூவரசு நின்ற வளவு எங்களுடையது. வயதானவர்கள் சிலருக்கு இப்போது வீடு பிடிபட்டிருக்கும்.

அப்பா 1987இல் நோர்வேக்கு வந்தார். வடகோடியில் வார்டோ என்ற சிறு தீவில், மீன் பதனிடும் தொழிற்சாலையில் வேலை. அம்மாவும் நானும் தம்பியும் கொழும்பில் ஒரு வருடம் காத்திருந்து 1991இல் போய்ச் சேர்ந்தோம். எனக்கு ஒன்பது வயது. தீவிலிருந்து புறப்பட்டுத் தீவிலேயே இறங்கினோம். ஆனால் வார்டோவில் கரைக்குப் போகப் படகு வேண்டியதில்லை; கடலுக்கு அடியால் ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் நீளச் சுரங்கப்பாதை இருக்கிறது. ஊரில் குறிகட்டுவான் துறைக்குப் படகு ஓடுமா ஓடாதா என்று காற்றைப் பார்த்தே வாழ்ந்த அம்மாவுக்கு அது பெரிய அதிசயம். நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை அங்கே சூரியன் எழுவதில்லை. அந்த இருட்டு மாதங்களில் அப்பா வேலையால் வந்து, மீன் மணம் போகக் கை கழுவிவிட்டு, எனக்கும் தம்பிக்கும் தமிழ் எழுதப் பழக்குவார். இன்று நான் உங்களுக்குத் தமிழில் எழுதுவது அந்தச் சமையலறை மேசையில் கிடைத்தது.

பிறகு ஒஸ்லோவுக்கு இடம் மாறினோம். கணினி படித்தேன். இருபது வருடமாக வலைத்தளங்கள் கட்டுவதே என் தொழில்.

முதல் தளம் ஊருக்காகத்தான் கட்டினேன். 2001, எனக்குப் பத்தொன்பது வயது. இலவசமாக இடம் தந்த ஒரு நிறுவனத்தின் கணினியில் கோயில் திருவிழாப் படங்கள், மரண அறிவித்தல்கள், பெரியவர்கள் எழுதி அனுப்பிய ஊர்க் கதைகள் எல்லாவற்றையும் ஏற்றினேன். எழுத்துரு பாமினி. அந்தக் காலத்தில் நம்மவர்களின் கணினிகளில் பெரும்பாலும் அதுதான் இருந்தது. சில வருடங்களுக்குப் பிறகு அந்த நிறுவனம் சேவையை மூடிவிட்டது. நான் ஒரு பிரதியும் எடுத்து வைத்திருக்கவில்லை. பழைய வலைப்பக்கங்களைச் சேமித்து வைக்கும் இணைய ஆவணக் காப்பகத்தில் தேடி மூன்றில் ஒரு பங்கு பக்கங்களைத் திரும்ப எடுத்தேன். படங்கள் போனது போனதுதான். ஊரார் என்னை நம்பித் தந்தவை அவை. அந்தக் கவலை இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

தொழிலில் நான் செய்தவற்றில் பெரும்பகுதி நகரசபைத் தளங்கள். பாலர் பள்ளிக்கு விண்ணப்பிக்கும் படிவம், குப்பை எடுக்கும் நாள் அட்டவணை, முதியோர் பராமரிப்புக்கான கோரிக்கை போன்றவை. இவற்றைப் பற்றி விரிவாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். கண் தெரியாதவர், காது கேளாதவர், கை நடுங்குபவர் எல்லோரும் பயன்படுத்தும்படி தளம் இருக்க வேண்டும் என்று நோர்வேயில் சட்டம் இருக்கிறது. 2014 யூலையிலிருந்து புதிய தளங்களுக்கும், 2021 ஜனவரியிலிருந்து பழைய தளங்களுக்கும் அது பொருந்தும். அதனால் திரையில் உள்ளதை வாய்விட்டு வாசிக்கும் மென்பொருளைக் காதில் மாட்டிக்கொண்டு, கண்ணை மூடிப் படிவங்களை நிரப்பிப் பார்ப்பது எனக்கு அன்றாட வேலை. நோர்வீஜிய மொழிக்காக இதைப் பல வருடம் செய்தேன். தமிழுக்காகச் செய்து பார்க்கவேண்டும் என்று ஒருநாளும் தோன்றவில்லை.

தோன்ற வைத்தவர் அப்பா. மூன்று வருடங்களுக்கு முன் அம்மா காலமானார். அப்பாவுக்குக் கண்ணழுத்த நோயால் பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே வந்து, இப்போது எழுத்து வாசிக்க முடியாத நிலை. நான் வேலை நேரத்தைக் குறைத்துக்கொண்டு அவரை எங்களோடு கூட்டிவந்துவிட்டேன். பன்னிரண்டு வயது மகள் அவருக்குக் கைபேசியில் குரல் வாசிப்பைப் பழக்கினாள். தமிழ்ச் செய்திகளை இப்போது தானாகவே கேட்கிறார்.

ஒருநாள் நான் மீட்டெடுத்த ஊர்ப் பக்கங்களைக் கேட்க ஆசைப்பட்டார். கைபேசி 'எம், கே, அரைப்புள்ளி, கே, எச்' என்று ஆங்கில எழுத்துகளாக ஒப்பிக்கத் தொடங்கியது. பாமினியில் 'அம்மா' என்ற சொல் இதுதான். பாமினி ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவம் போட்டுக் காட்டும்; உள்ளே இருப்பது ஆங்கில எழுத்தேதான். எழுத்துரு இருந்தால் கண் தமிழைப் பார்க்கும். காதுக்கும் தேடுபொறிக்கும் அது தமிழ் இல்லை. உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் தனித்தனி எண் தரும் யுனிகோட்டில் தமிழுக்கு 1991இலேயே தனி இடம் கிடைத்துவிட்டது. ஆனால் நம் ஊர் எழுதிய பெரும்பகுதி பாமினிக்குள்ளே அடைபட்டுக் கிடக்கிறது.

உடனே மாற்றத் தொடங்கினேன். எழுத்துக்கு எழுத்து மாற்றினால் போதும் என்றுதான் முதலில் நினைத்தேன். 'கொ' என்று எழுதப் பாமினியில் முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால். யுனிகோட்டில் க முதலில் வரவேண்டும், உயிர்க்குறி அதன் பின்னால். இந்த வரிசை மாற்றத்தை ஒரு சிறு நிரலால் செய்துவிடலாம். இரண்டு வாரத்தில் எல்லாப் பக்கமும் யுனிகோட்டுக்கு வந்துவிட்டது. திரையில் பார்த்தேன், ஒரு பிழையும் தெரியவில்லை.

அப்பாவிடம் கேட்கக் கொடுத்தேன். பழைய மரண அறிவித்தல் ஒன்றை இரண்டு தடவை போட்டுக் கேட்டுவிட்டு, "இது யார் பிள்ளை?" என்றார். அது அவருடைய சொந்தத் தங்கை, என் மாமி. மாமியின் பெயர் 'கௌ' என்று தொடங்கும். பாமினியில் ஔகாரத்தின் வால் பகுதிக்கும் ளகரத்துக்கும் ஒரே விசை. என் நிரல் அதை ளகரமாகவே எடுத்து, 'கெ' தனி, 'ள' தனி என்று ஆக்கிவிட்டது. கண்ணுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலவே தெரியும். குரல் மட்டும் 'கெள' என்று இரண்டு எழுத்தாக வாசித்தது. தன் தங்கையின் பெயரை அப்பா அடையாளம் காணவில்லை.

பௌர்ணமியும் அப்படியே உடைந்திருந்தது. விதியைத் திருத்தினேன்: கொம்பு போட்ட மெய்க்குப் பிறகு புள்ளியோ வேறு குறியோ இல்லாத ளகரம் வந்தால், எழுத்துத் தமிழில் அது அநேகமாக ஔகாரம்தான். ஆனாலும் பெயர்களில் 'அநேகமாக' என்பது போதாது. அந்தப் பக்கங்களில் ஒன்றில், 1985 மே 15ஆம் திகதி நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட பயணிகள் படகான குமுதினியில் கொல்லப்பட்டவர்களின் பெயர்கள் இருக்கின்றன. அந்தப் பட்டியலை நான் நிரலிடம் விடவில்லை. ஒவ்வொரு பெயராகக் கையால் அடித்தேன். அப்பா ஒவ்வொன்றையும் கேட்டு, தெரிந்தவர்களுக்கு இன்னார் மகன், இன்னார் பெண்சாதி என்று சொல்லச் சொல்ல, அதையும் பக்கத்தில் குறித்து வைத்திருக்கிறேன். மூன்று இரவுகள் எடுத்தது.

போன வருடம் ஊருக்கும் போய்வந்தேன், முப்பத்துமூன்று வருடத்துக்குப் பிறகு. அப்பாவால் பயணம் செய்ய முடியவில்லை. குறிகட்டுவானிலிருந்து படகில் ஒரு மணி நேரத்துக்கு மேல். அந்த இயந்திரச் சத்தத்தை முழுவதும் அப்பாவுக்காகப் பதிவு செய்தேன். எங்கள் கல்வேலி ஒரு பக்கம் சரிந்திருந்தாலும் நிற்கிறது. பூவரசு இரண்டும் இல்லை. தெற்கே வெளியில் குதிரைகள் மேய்ந்துகொண்டிருந்தன. நடந்த ஒழுங்கைகளை யாரும் சேர்த்து வரையக்கூடிய இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் வரைந்து வருகிறேன். ஒழுங்கைகளின் பெயர் தெரிந்தவர்கள் சொல்லித் தந்தால் சேர்த்துக்கொள்வேன்.

இனி வேண்டுகோள். உங்களிடம் சங்கத்தின் பழைய மலர்கள், விழா அழைப்பிதழ்கள், கூட்ட அறிக்கைகள், இறந்தவர் நினைவாக அச்சிடும் கல்வெட்டுப் புத்தகங்கள் கணினிக் கோப்பாக இருந்தால் அனுப்பிவையுங்கள். பிளாப்பி, குறுந்தட்டு எதில் இருந்தாலும் பரவாயில்லை. திருத்த வேண்டாம், மறுபடி தட்டச்சு செய்யவும் வேண்டாம். எழுத்துரு எதுவென்று தெரியாவிட்டாலும் அப்படியே அனுப்புங்கள். கண்டுபிடிப்பது என் வேலை. இந்தத் தடவை மூன்று நாடுகளில் மூன்று பிரதி வைக்கப் போகிறேன். கனடாவிலும் இலண்டனிலும் ஆளுக்கொருவர் ஒரு பிரதியைப் பொறுப்பேற்றால் நல்லது.

இன்னொன்று, இதுதான் முக்கியம். மாற்றிய பக்கங்களைக் காதால் கேட்டுப் பெயர் சரிபார்க்கப் பெரியவர்கள் வேண்டும். வாசிக்கக் கண் தெரிய வேண்டியதில்லை, ஊரைத் தெரிந்தால் போதும். அப்பா ஞாயிறு பிற்பகல் மூன்று மணிக்கு, நோர்வே நேரப்படி, கேட்க உட்காருவார். இப்போது 1994ஆம் ஆண்டு அறிவித்தல்களில் நிற்கிறோம். அவருக்குத் தெற்குப் பக்கத்துக் குடும்பங்கள் அவ்வளவு பழக்கமில்லை. அந்தப் பக்கத்து ஆட்கள் யாராவது தொலைபேசியில் சேர்ந்துகொள்ள முடிந்தால், இந்தக் கிழமைக்குள் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்,
தபாற்காரரின் பேத்தி, ஒஸ்லோ