திருக்கடையூர்ல அப்பாவோட அறுபதாம் கல்யாணம், தங்குறது தரங்கம்பாடியிலயா காரைக்கால்லயா?

அம்மாபேட்டைக்காரன்:
நம்ம சேலத்து மக்களே ஒரு ஹெல்ப் வேணும். தை மாசம் அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம் திருக்கடையூர்ல வெச்சிருக்கோம், குருக்கள்கிட்ட பேசி அட்வான்ஸும் குடுத்தாச்சு, காலையில அஞ்சு மணிக்கெல்லாம் கோயில்ல இருக்கணும்னு கண்டிசனா சொல்லிட்டாரு. மொத்தம் பதினாலு பேர், அதுல பாட்டிக்கு 82 வயசு முட்டி வலி, வாண்டுங்க ரெண்டு. பிரச்சினை என்னன்னா அம்மா இத்தன வருஷத்துல கடல் பக்கத்துல ஒரு ராத்திரி கூட தங்குனது இல்ல, நமக்குத் தண்ணின்னா மேட்டூர் டேம், இல்லன்னா ஏற்காடு ஏரி அவ்ளோதான். வீட்டுக்காரம்மா யூடியூப்ல தரங்கம்பாடி பழைய பங்களா ஒண்ணு பாத்துட்டு அங்கதான் தங்கணும்னு நிக்குது, மச்சான் காரைக்கால்ல ஏசி ஹோட்டல் போடலாம்ங்கறாரு, அப்பா கோயில் வாசல்லயே லாட்ஜ் போடுங்கறாரு. போயிட்டு வந்தவங்க யாராச்சும் சொல்லுங்க, ரெண்டு ராத்திரி தங்குற பிளான்.

மாயவரம்_மருமக:
அண்ணா நான் பொறந்தது அஸ்தம்பட்டி, வாக்கப்பட்டது மாயவரம், பதினோரு வருஷமா சொந்தக்காரங்க வர்றப்பல்லாம் இதே கேள்விதான் ஓடுது. கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி கண்ண மூடிக்கிட்டு திருக்கடையூர்லயே தங்கிருங்க. ஏன்னா அங்க கலசத்துத் தண்ணிய அப்பா அம்மா தலையில வரிசையா எல்லாரும் ஊத்துவாங்க, கூறைப்புடவையெல்லாம் சொட்டச் சொட்ட நனைஞ்சிரும், தை மாசத்துக் குளிர்ல விடியக்காலையில நடுங்கிக்கிட்டு நிப்பாங்க, அப்ப சன்னதித் தெருவுல ரூம் இருந்தா அஞ்சு நிமிஷத்துல போய் துணி மாத்திரலாம். தரங்கம்பாடியில இருந்து எட்டு கிலோமீட்டர்தான், ஆனா பதினாலு பேர நாலு மணிக்கு எழுப்பி குளிக்க வெச்சு வண்டியில ஏத்துறது இருக்கே, உங்க வாண்டுங்கள உங்களுக்குத் தெரியும்.

லாட்ஜ் எல்லாம் இந்த அறுபது, எழுபது, எண்பதாம் கல்யாணத்துக்குன்னே கட்டுனதுதான், ஒரே நாள்ல கோயிலுக்குள்ள எத்தனையோ ஜோடி உக்காந்திருக்கும், அதனால நாள் குறிச்சதும் ரூமப் போட்டுருங்க. பாட்டிக்கு கீழ்த்தளத்துல ரூம் இருக்கா, வெஸ்டர்ன் டாய்லெட் இருக்கான்னு போன்லயே கேளுங்க. "லிப்ட் இருக்கு"ன்னு சொன்னா அது ஓடுதான்னும் கேளுங்க, எங்க பெரியத்தைய மூணாவது மாடிக்கு சேர்ல வெச்சுத் தூக்கிட்டுப் போன கதை எங்க வீட்ல இன்னும் ஓடிட்டிருக்கு.

ரெண்டாவது ராத்திரி உங்க இஷ்டம்.

மலைப்பாதை20:
மேல சொன்னது கரெக்ட், ஆனா அந்த ரெண்டாவது ராத்திரிய தரங்கம்பாடிக்குக் குடுங்க, அதுவும் கோட்டைவாசலுக்கு உள்ளாற இருக்கற பழைய ஊருக்குள்ள தங்குங்க. வெளிய மெயின் ரோட்டுப் பக்கம் தங்குறதுன்னா அதுக்கு காரைக்காலே போயிரலாம். நானும் வீட்டுக்காரியும் போனப்ப மத்தியானம் ஊர் ஒண்ணுமே இல்லாத மாதிரிதான் இருந்துச்சு, நாலஞ்சு டூரிஸ்ட் வண்டி, ஸ்கூல் பசங்க, டேனிஷ்காரன் கோட்டை முன்னாடி சுண்டல்காரர். ஆறு மணிக்கு மேல அவங்கெல்லாம் கிளம்பினதும் ராஜா தெருவுல நாங்க ரெண்டு பேரும் ஒரு நாயும்தான், அந்தப் பக்கம் 1718ல ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு கட்டுன சர்ச், இந்தப் பக்கம் கடல் சத்தம். விடிகாலையில மாசிலாமணிநாதர் கோயில் பக்கம் நின்னு சூரியன் வர்றதப் பாருங்க, அது 1306ல குலசேகர பாண்டியன் காலத்துக் கோயில், முன்பகுதியெல்லாம் கடல் தின்னுட்டுது. பகல்ல வந்துட்டுப் போறவங்களுக்கு இது ரெண்டுமே கிடைக்காது.

தங்குறதுக்கு கோட்டைக்குப் பக்கத்துலயே வெள்ளைக்கார கலெக்டர் இருந்த பங்களாவ ஹோட்டலா மாத்தியிருக்காங்க, பங்களா ஆன் தி பீச்சுன்னு பேரு, சுத்தி பெரிய தாழ்வாரம், உசரமான கூரை. காசு ஜாஸ்திதான், சொல்லிட்டேன். 1620ல டேனிஷ்காரன் தஞ்சாவூர் ரகுநாத நாயக்கர்கிட்ட அந்த ஊரையே வருஷத்துக்கு 3,111 ரூபாய்க்கு வாடகைக்கு எடுத்தான், நீங்க ஒரு ராத்திரிக்கே அதவிட மேல குடுக்கணும் 😄 அதனால பதினாலு பேரையும் அங்க போடாதீங்க, அப்பா அம்மாவுக்கு மட்டும் ஒரு நல்ல ரூம், மத்தவங்களுக்கு உள்ளாறயே சின்னச் சின்ன வீடா வாடகைக்கு விடறதப் பாருங்க. பழைய வீடுன்னா வாசல்ல படி இருக்கும், பாட்டிய நெனச்சுக்குங்க.

இன்னொண்ணு, நாங்க போனது வெள்ளிக்கிழமை, கோட்டை மியூசியம் பூட்டிக் கிடந்துச்சு. அந்தத் தப்ப நீங்களும் பண்ணாதீங்க.

சூரமங்கலத்தான்:
எல்லாரும் கவிதையா எழுதறீங்க, சோத்துக்கு என்ன வழின்னு யாருமே சொல்லல. தரங்கம்பாடி உள்ளாற ராத்திரி எட்டரைக்கு மேல ரெண்டு சின்னப் பசங்கள வெச்சுக்கிட்டு இட்லி தேடி அலைஞ்சவன் நானு, கடைசியா காரைக்கால் போய்த்தான் சாப்டோம், பதினஞ்சு கிலோமீட்டர். பெரிய ஹோட்டல்ல தங்குனா முன்கூட்டியே சொன்னா சமைச்சுத் தருவாங்க, சின்ன வீட்டுல தங்குறவங்க காலையிலயே ராத்திரி சாப்பாட்டுக்கு ஏற்பாடு பண்ணிக்கணும்.

அப்பறம் ஆன்லைன்ல "கடல் பார்த்த ரூம்"னு போட்டிருந்தா நம்பாதீங்க. நான் ஒரு எடத்துல (பேர் வேண்டாம்) அப்படித்தான் புக் பண்ணேன், ஜன்னலத் திறந்தா பக்கத்து வீட்டு சின்டெக்ஸ் டேங்க், அதுக்குப் பின்னாடி ஒரு தென்னமரம், அந்த மரத்துக்கும் டேங்குக்கும் நடுவுல நம்ம சட்டைக் காலர் அளவுக்கு நீலமா ஒரு கோடு. கேட்டா அதுதாங்க கடல்ங்கறான். ரூம்ல நின்னுட்டு வீடியோ கால் பண்ணச் சொல்லுங்க, ஜன்னல் வழியா காட்டட்டும், அப்பறம் காசு போடுங்க. பழைய பில்டிங்ல ஏசி ஓடுதா, கரண்ட் போனா ஜெனரேட்டர் இருக்கான்னும் கேட்டுக்குங்க. உப்புக்காத்துல அங்க எல்லா இரும்பும் துருப்பிடிச்சு, பாத்ரூம் தாழ்ப்பாள் கையோட வந்துரும்.

குழந்தைங்க, வயசானவங்கன்னா என் ஓட்டு காரைக்காலுக்குத்தான். பீச் ரோடு நல்லா அகலமா இருக்கு, டாக்டர், மெடிக்கல் எல்லாம் பக்கம்.

மாயவரம்_மருமக:
சூரமங்கலத்து அண்ணா சொல்றது சாப்பாட்டு விஷயத்துல நூத்துக்கு நூறு. ஆனா காரைக்கால் புதுச்சேரி கணக்கு, அம்மாபேட்டை அண்ணா உங்க மச்சான் ஏன் அங்க போகணும்ங்கறாருன்னு ஒரு தடவ தனியா கூப்ட்டு விசாரிங்க 😂 எங்க வீட்டு மாமாங்க எல்லாருக்கும் காரைக்கால்தான் ரொம்பப் புடிக்கும்.

வண்டியில வர்றீங்கன்னா ஆத்தூர், உளுந்தூர்பேட்டை, சிதம்பரம் வழியா ஆறு மணி நேரம் வெச்சுக்குங்க, இருட்டுறதுக்குள்ள வந்து சேர்ந்துருங்க, ஏன்னா தை மாசம் எங்க பக்கம் அறுப்பு நேரம், பாதி ரோட்டுல நெல்லு காயும், மீதி ரோட்டுல கதிரறுக்கற மெஷின் நிக்கும். ரயில்னா சேலம் ஜங்சன்ல இருந்து மத்தியானம் கிளம்பி நாமக்கல், கரூர், திருச்சி, தஞ்சாவூர், கும்பகோணம் வழியா மாயவரத்துக்கு நேரா வண்டி இருக்கு, ஆனா வந்து சேர ராத்திரி ஆயிரும், பாட்டிக்கு அவ்வளவு நேரம் உக்கார முடியாது.

அம்மாபேட்டைக்காரன்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. வீட்ல எல்லாத்தையும் படிச்சுக் காட்டுனேன். முதல் ராத்திரி எல்லாரும் திருக்கடையூர், சன்னதித் தெருவுல அஞ்சு ரூம் பேசியாச்சு, பாட்டிக்குக் கீழ்த்தளம். ரெண்டாவது ராத்திரி அப்பா, அம்மா, பாட்டி, நான், வீட்டுக்காரம்மா, வாண்டுங்க ரெண்டு, ஏழு பேர் தரங்கம்பாடி. மச்சான் குடும்பமும் சித்தப்பா குடும்பமும் காரைக்கால். (மச்சான்கிட்ட விசாரிச்சேன், தங்கச்சி பக்கத்துல இருந்ததால "பீச் நல்லாருக்கும் மாப்ள"ன்னு மட்டும் சொன்னாரு.) சாப்பாட்டுக்கு திருக்கடையூர்ல கல்யாணச் சமையல் பண்றவர்கிட்டயே ராத்திரிக்கு இட்லி, பொங்கல் கட்டி வாங்கிக்கறோம், அதுபோக நம்ம ஊரு தட்டுவடை ஒரு டின்னு.

கடைசியா ஒரு டவுட்டு. பாட்டி கடல்ல கால் நனைக்கணுமாம். மணல்ல நடக்க முடியுமா, படி மாதிரி எதாச்சும் இருக்கா?

மலைப்பாதை20:
படியெல்லாம் இல்லீங்க. சில எடத்துல அரிப்புக்காகக் கருங்கல்லு கொட்டி வெச்சிருக்காங்க, அது பக்கம் கூட்டிட்டுப் போகாதீங்க, வழுக்கும். கோட்டை முன்னாடி மணல்தான், பாட்டிக்கு நாப்பது அம்பது அடி நடக்கணும், ரெண்டு பேர் கைத்தாங்கலாப் புடிச்சா போதும். ரூம்ல ஒரு பிளாஸ்டிக் சேர் கேட்டு வாங்கிக்குங்க, அலை வந்து தொடற எடத்துக்கு ரெண்டடி முன்னாடி போட்டு உக்கார வெச்சீங்கன்னா தண்ணி தானா வந்து கால நனைச்சிட்டுப் போகும். சேர மட்டும் பின்னாடி நின்னு யாராச்சும் புடிச்சுக்குங்க, தண்ணி திரும்பறப்ப காலுக்கடியில மண்ண இழுக்கும்.


அம்மாபேட்டைக்காரன்:
சேர் புடிக்க மச்சான கூப்ட்டுக்கறேன் 🙏