1:24 ஹெரால்டு: பிரிண்டரில் எடுத்த பாடி கைவேலையா?

வண்டலூர் ஹெரால்டு:
அடுத்த மாத மாடல் கண்காட்சிக்கு என் 1:24 (நிஜ அளவில் 24இல் ஒரு பங்கு) ஹெரால்டு கார் மாடலை 'முழுக் கைவேலை' பிரிவில் பதிவு செய்தேன். அதற்குள் குழுவில் இரண்டு பேர், பாடி ரெசின் பிரிண்ட் (திரவப் பிளாஸ்டிக்கை அடுக்கடுக்காக இறுக்கும் 3D பிரிண்டரில் எடுத்தது), அது கைவேலை ஆகாது, தனியாக வை என்று கிளம்பிவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் பதில் சொல்லி மாளவில்லை, இங்கேயே பேசிவிடுவோம். இது நம் வண்டலூரில் ஸ்டாண்டர்ட் மோட்டார் தயாரித்த நான்கு கதவு ஹெரால்டு. இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டில் நான்கு கதவு வண்டியே கிடையாது, இந்தியாவுக்கென்று செய்தது. அதனால் இணையத்தில் கிடைக்கும் டிரையம்ப் 3D கோப்புகள் கதவுகளுக்கு உதவாது. பெரம்பூரில் உறவினர் வீட்டு ஷெட்டில் நிற்கும் வண்டியை டேப்பும் வெர்னியரும் வைத்து அளந்து நானே கம்ப்யூட்டரில் வரைந்தேன். வீல்பேஸ் (முன், பின் சக்கர மையங்களுக்கு இடையிலான தூரம்) 91.5 அங்குலம், 24ஆல் வகுத்தால் 97 மில்லிமீட்டருக்கு ஒரு மயிரிழை குறைவு. பிரிண்டரில் வந்தது வெளி ஓடு மட்டும்தான். சேஸிஸ், எஞ்சின், சீட் எல்லாம் பிளாஸ்டிக் ஷீட்டிலும் கம்பியிலும் வெட்டி ஒட்டியது. இதில் கை எங்கே இல்லை?

அம்பத்தூர் டூல்ரூம்:
அந்த இரண்டு பேரில் நான் ஒருவன், ஒளிக்க ஒன்றுமில்லை. தம்பி, வரைந்தது உன் மூளை, அதை மதிக்கிறேன். ஆனால் கைவேலைப் பிரிவு எதற்கு? பொருள் உன்னோடு மல்லுக்கு நிற்கும், அதை நீ எப்படி வழிக்குக் கொண்டுவந்தாய் என்று பார்ப்பதற்குத்தான். நானும் ஒரு ஹெரால்டு செய்துகொண்டிருக்கிறேன், பானெட்டை 0.2 மில்லிமீட்டர் பித்தளைத் தகட்டில் அடிக்கிறேன். ஹெட்லைட்டுக்கு மேலே ஒரு புருவம் நீட்டிக்கொண்டிருக்குமே, அந்த இடத்தில் தகடு சுருங்கி மடியும். சூடாக்கி, ஆறவிட்டு, மரக்கட்டை அச்சின்மேல் வைத்து மறுபடி தட்ட வேண்டும், தட்டத் தட்டத் தகடு இறுகிக்கொண்டே போகும், ஒரு அடி கூடிப்போனால் கீறல் விழும், கீறல் விழுந்தால் எல்லாம் குப்பை. உனக்குத் தப்பு நடந்தால் ஒரு பட்டன், ராத்திரி பிரிண்ட் போட்டுவிட்டுத் தூங்கலாம். பிரிட்டனின் ஜெரால்ட் விங்ரோவ் உலோகத்தில் கார் செய்தவர், ஸ்போக் சக்கரத்தைக்கூட கம்பி கம்பியாகக் கோத்தவர். அந்த மாதிரி வேலையையும் பிரிண்டரிலிருந்து உரித்தெடுத்ததையும் ஒரே மேஜையில் வைக்கச் சொன்னால் எனக்கு ஒப்பவில்லை.

கடைசி பெஞ்ச்:
சார், எனக்கு ஒரு சந்தேகம். இத்தாலியின் போச்சர் கம்பெனி 1:8 அளவில் ரோல்ஸ் ராய்ஸ் கிட் (பாகங்களாக வாங்கி நாமே கட்டுவது) போட்டது, 2000 பாகங்களுக்கு மேல். அத்தனையும் தொழிற்சாலையில் செய்ததுதான். அதைக் கட்டி முடித்தவரைப் பார்த்து யாராவது 'இது கைவேலை இல்லை' என்றார்களா? நான் 1:43 டைகாஸ்ட் (அச்சில் வார்த்த ரெடிமேட் உலோக கார்) வாங்கி அடுக்குகிற ஆள், எனக்கு இதில் ஓட்டு கிடையாது, தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்.

அம்பத்தூர் டூல்ரூம்:
அது கிட் பிரிவு. போச்சர் கட்டியவர் யாரும் 'நான் பூஜ்யத்திலிருந்து செய்தேன்' என்று அட்டையில் எழுதுவதில்லை. அதைத்தான் நானும் சொல்கிறேன்.

வண்டலூர் ஹெரால்டு:
கிட்டில் வருகிற பாகத்தை வேறு யாரோ வரைந்தார்கள் சார், இதை வரைந்தது நான். அப்புறம், 'உரித்தெடுத்தது' என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். பிரிண்ட் ஒரு அடுக்குக்கு 0.05 மில்லிமீட்டர். நிஜக் காரில் அது 1.2 மில்லிமீட்டர் படிக்கட்டு, கூரை முழுக்க வரிவரியாக. அதைத் தேய்க்காமல் பெயிண்ட் அடித்தால் கூரையில் ஏர் வைத்து உழுதமாதிரி இருக்கும். 400ஆம் நம்பரில் ஆரம்பித்து நைஸான 2000 வரை வாட்டர் பேப்பர், தேய்க்கும்போதே கதவு விளிம்புக் கோடு அழியும், அதை ஊசிமுனையால் மறுபடி கீற வேண்டும். தடிமன் இன்னொரு தலைவலி. நிஜத் தகடு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு, 24ஆல் வகுத்தால் 0.04 கூட வராது. ரெசின் ஓடு முழுதும் ஒரு மில்லிமீட்டருக்குக் கீழே போனால் நம்ம ஊர் மொட்டைமாடி வெயிலில் அப்பளமாக வளைந்துவிடும். அதனால் ஓடு கனமாகத்தான் வரும், அந்தக் கனம் நிஜக் காரில் 24 மில்லிமீட்டர் சுவருக்குச் சமம். சக்கர வளைவின் விளிம்பை மட்டும் உள்பக்கமிருந்து அரம் போட்டுப் போட்டு, வெளிச்சத்தில் பிடித்தால் ஊடுருவித் தெரிகிற அளவுக்குச் சன்னமாக்கினேன். கண்ணுக்கு எட்டுவது விளிம்பு ஒன்றுதான், அங்கே ஏமாற்றினால் போதும். அந்த ஏமாற்று வேலையை எந்த பிரிண்டர் செய்தது?

ஈரக்காற்று:
பெயிண்ட் வேலை செய்கிறவள் என்ற முறையில் நடுவில் வருகிறேன். இரண்டு பேரும் பாடியைப் பற்றியே சண்டை போடுகிறீர்கள், பாதி மாடல் செத்துப்போவது பெயிண்டில். ப்ரைமர், கலர், கிளியர் சேர்ந்து 0.1 மில்லிமீட்டர் ஏறினால் நிஜக் காரில் அது 2.4 மில்லிமீட்டர், கதவு இடுக்கு அங்கேயே அடைந்துவிடும். நிஜ இடுக்கு 4 மில்லிமீட்டர் என்று வைத்தால் மாடலில் 0.17 தான். அதனால் சரியான அளவில் வரைந்தால் தப்பாகத்தான் தெரியும், வேண்டுமென்றே அகலமாக 0.3க்குக் கீறிவிட்டு பெயிண்ட் அதை நிரப்பட்டும் என்று விட வேண்டும். மெட்டாலிக் கலர் இன்னும் மோசம். கார் பெயிண்டில் இருக்கும் மினுமினுப்புத் துகள் 1:24இல் கல்யாண வீட்டு ஜிகினா அளவுக்குத் தெரியும், அதனால் நான் கார் பெயிண்ட் கடைப் பக்கமே போவதில்லை. இதில் சென்னையின் நவம்பர் வேறு. லாக்கர் தின்னர் சீக்கிரம் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்துவிடும், காற்றில் இருக்கிற ஈரம் அதில் படிந்து, பளபளப்பு போய் வெள்ளை பூத்துவிடும். மெதுவாக உலரும் ரிட்டார்டர் தின்னரைக் கலக்கிச் சமாளிக்கலாம், இல்லாவிட்டால் மழை விடும்வரை ஏர்பிரஷைத் தொடாமல் இருப்பதே நல்லது. இதெல்லாம் பித்தளைக்கும் ரெசினுக்கும் ஒன்றுதான்.

அம்பத்தூர் டூல்ரூம்:
பெயிண்டில் நீங்கள் சொல்வது சரி மேடம், ஆனால் தடிமனை நான் அவ்வளவு லேசாக விடமாட்டேன். ஹெரால்டின் விசேஷமே அந்த பானெட்தான். முன் மட்கார்டுகளோடு சேர்ந்து மொத்தமாக முன்பக்கம் கவிழும், எஞ்சினும் முன்சக்கரமும் திறந்துகிடக்கும். மாடலில் அது திறக்காவிட்டால் ஹெரால்டு செய்து என்ன பயன்? திறக்க வைத்தால் உள்சுவரின் கனம் டயரில் இடிக்கும், கீல் பக்கம் பம்பரில் இடிக்கும். தம்பி, நீ அனுப்பிய படத்தில் உன் பானெட் மூடித்தான் இருக்கிறது. திறக்குமா?

வண்டலூர் ஹெரால்டு:
திறக்கும். டயர் வரும் இடத்தில் உள்ளே குடைந்து 0.4க்குக் கொண்டுவந்தேன், கீலுக்கு 0.5 மில்லிமீட்டர் பித்தளைக் கம்பி. முன்சக்கரத்தை நேராக வைத்தால்தான் முழுசாகக் கவிழும், திருப்பி வைத்தால் இடிக்கும், அது உண்மை. சரி, இப்போது என் கேள்வி. உங்கள் கிரில்லை (முன்பக்க வலைச்சட்டம்) எப்படிச் செய்தீர்கள்?

அம்பத்தூர் டூல்ரூம்:
எட்சிங், தகட்டைக் கரைசலில் அரிக்கவிட்டு எடுப்பது. ரிச்சி ஸ்ட்ரீட்டில் சர்க்யூட் போர்டுக்கு விற்கிற ஃபெரிக் குளோரைடுதான்.

வண்டலூர் ஹெரால்டு:
எங்கே அரிக்க வேண்டும் என்று காட்டும் ஃபிலிமுக்குக் கோடு கையாலா போட்டீர்கள்?

அம்பத்தூர் டூல்ரூம்:
கம்ப்யூட்டரில்தான், பேரன் வரைந்து கொடுத்தான். இதைத்தான் நீ கேட்கப்போகிறாய் என்று தெரியும். ஆனால் வரைந்தது அப்படியே வந்து விழாது. கரைசல் தகட்டை ஆழமாக மட்டும் தின்னாது, பக்கவாட்டிலும் தின்னும். இரண்டு பக்கமும் ஃபிலிம் ஒட்டி, இரண்டு பக்கமும் ஒரே கோட்டில் நிற்கவேண்டும், பட்டையை எவ்வளவு அகலமாக வரைந்தால் கடைசியில் எவ்வளவு மிஞ்சும் என்பது கரைசலின் சூட்டையும் பழசையும் பொறுத்தது. தட்டை ஆட்டிக்கொண்டே பக்கத்தில் நிற்க வேண்டும், அரை நிமிஷம் அசந்தால் கிரில் மாயம். தூங்கப் போக முடியாது.

கடைசி பெஞ்ச்:
ஆக, தூங்கப் போகலாமா கூடாதா என்பதுதான் பிரிவைத் தீர்மானிக்கிறது போல.

ஈரக்காற்று:
கிண்டல் பண்ணினாலும் அதில் விஷயம் இருக்கிறது. எனக்கு உறுத்துவது பிரிண்டர் இல்லை, விலைக்கு வாங்கிய கோப்பை அச்சடித்து, ஸ்ப்ரே கேனால் ஒரு கோட் அடித்து 'சொந்தமாகச் செய்தேன்' என்று போடுகிறவர்கள். அவர்களுக்காகக் கதவை மூடினால் இந்த ஹெரால்டும் வெளியே நிற்கும். மாடலுக்குப் பக்கத்தில் வேலையின் நடுவில் எடுத்த படங்களை வைக்கச் சொல்லலாம், உள்பக்கம் குடைந்ததைப் பார்த்தால் நடுவருக்குப் புரியாதா?

அம்பத்தூர் டூல்ரூம்:
படம் வைக்கட்டும், நல்லது. ஆனாலும் 'முழு' என்ற வார்த்தையோடு ரெசின் பாடியை நான் ஏற்கமாட்டேன். அட்டையில் 'பாடி: சொந்த வரைபடம், ரெசின் பிரிண்ட். மற்றவை கைவேலை' என்று எழுது, அதே பிரிவில் என் வண்டிக்குப் பக்கத்திலேயே வை. எது நல்லதென்று பார்க்கிறவர்கள் சொல்லட்டும். எழுதாமல் வைத்தால் அன்றைக்கும் சண்டை போடுவேன்.

வண்டலூர் ஹெரால்டு:
அப்படியே எழுதுகிறேன் சார், அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. உங்கள் அட்டையிலும் 'கிரில்: பேரன் வரைந்தது' என்று இருக்க வேண்டும்.

அம்பத்தூர் டூல்ரூம்:
இருக்கும், அவனும் வருகிறான்.

கடைசி பெஞ்ச்:
கிரில் எட்ச் பண்ணும்போது தகட்டில் இடம் மிஞ்சினால் 1:43க்கும் ஒன்று போட்டுக் கொடுங்கள் சார், ஃபெரிக் குளோரைடு செலவு என்னுடையது.