பசுமைக்குடிலில் பாலக் இலை முழுக்கப் புள்ளி, அவசரம்

ஓசூர்_குடில்: பாலக் இலையெல்லாம் புள்ளி. மருந்து அடித்தும் நிற்கவில்லை. நாளை வியாபாரி வருகிறார். என்ன அடிக்கலாம்?

கீரைப்பாத்தி: என்ன மருந்து, எப்போது அடித்தீர்கள்? புள்ளி என்ன நிறம்? தண்ணீர் எப்படி விடுகிறீர்கள்? மருந்து அடித்த இலையை, டப்பாவில் போட்டிருக்கும் காத்திருப்பு நாள் முடியாமல் விற்காதீர்கள். வியாபாரி அப்புறம் வரட்டும்.

இயற்கைவழி: யூரியா அதிகமாகியிருக்கும். தழைச்சத்து கூடினால் இலை மெத்தென்று ஆகிப் பூஞ்சை ஏறும். சூடோமோனாஸ் (பூஞ்சையை அடக்கும் நல்ல பாக்டீரியா) தெளியுங்கள்.

மூத்த_உழவன்: இதே கேள்வி எத்தனை முறை? பழைய பதிவுகளைப் படிக்க யாருக்கும் பொறுமை இல்லை. காகிதம் போல வெளுத்துக் காய்ந்த வட்டம் ஸ்டெம்ஃபீலியம் பூஞ்சை. நடுவில் கரும்பச்சைத் தூள் இருந்தால் கிளாடோஸ்போரியம். காய்ந்த இடத்தில் கறுப்புக் குத்துகள் என்றால் ஆந்த்ராக்னோஸ். இலைக்கு அடியில் ஊதாச் சாம்பல் பூசணம் என்றால் அடிச்சாம்பல் நோய், அதற்கு வைத்தியமே வேறு. லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு வாருங்கள்.

ஓசூர்_குடில்: நடுவில் சாம்பல், ஓரம் சிவப்பு. மான்கோசெப் போன வாரம். சாயங்காலம் ஃபாகர் (பனிபோலத் தண்ணீர் தெளிக்கும் கருவி) ஓடும்.

கீரைப்பாத்தி: சிவப்பு ஓரம் என்றால் செர்கோஸ்போரா பூஞ்சையாக இருக்கும், பீட்ரூட்டுக்கு வருவது. விதை சொரசொரவென்று கொத்தாக இருந்ததா?

மூத்த_உழவன்: பாலக் வேறு, பீட்ரூட் வேறு. குழப்பாதீர்கள்.

கீரைப்பாத்தி: இல்லை ஐயா. ஆல் கிரீன், பூசா ஜோதி போன்ற பாலக் ரகமெல்லாம் பீட்ரூட் இனம்தான், விதை கொத்தாக இருக்கும். வெர்ஜீனியா சவாய் போன்றவைதான் அசல் ஸ்பினாச். எந்தச் செடி என்று தெரியாமல் நோயைச் சொல்ல முடியாது.

மூத்த_உழவன்: நான் சொன்னது ஸ்பினாச்சுக்கு. அவர் முதலிலேயே ரகத்தைச் சொல்லியிருக்க வேண்டும்.

மலைத்தோட்டம்: ரகச் சண்டை இருக்கட்டும், ஃபாகரைக் கவனியுங்கள். சாயங்காலம் நனைந்த இலை விடியும்வரை காயாது, அந்த ஈரத்தில்தான் பூஞ்சை வித்து முளைக்கும். காலைக்கு மாற்றுங்கள், பக்கத் திரையைச் சுருட்டிக் காற்று விடுங்கள், புள்ளி விழுந்த இலையைக் கிள்ளிக் குடிலுக்கு வெளியே புதையுங்கள். மான்கோசெப் வருமுன் காக்கும் மருந்து, விழுந்த புள்ளியை அழிக்காது. அதனால் பழைய இலையைப் பார்த்து மருந்து கேட்கவில்லை என்று முடிவு கட்டாதீர்கள், குருத்தைப் பாருங்கள். கார்பன்டாசிம் என்ற பூஞ்சை மருந்தையே திரும்பத் திரும்ப அடித்தால் செர்கோஸ்போரா பழகிவிடும். அடுத்த போகத்தில் அங்கே பீட்ரூட்டோ பாலக்கோ வேண்டாம்.

ஓசூர்_குடில்: விதை கொத்தாகத்தான் இருந்தது. ஃபாகரை மாற்றியாச்சு. குருத்து இதுவரை சுத்தம். நன்றி.

இயற்கைவழி: யூரியா எவ்வளவு போட்டீர்கள் என்று சொல்லவில்லையே?