இராவணனை எந்த இடத்தில் மன்னிக்க முடியாமல் போகிறது?

உப்புவெளி:
இராவணன் வெட்டு எண்ட கோணமலைப் பாறைப் பிளவு, கன்னியா வெந்நீர்க் கிணறு, கைலாய மலை தூக்கின கதை எல்லாம் இங்க திருகோணமலையில எல்லாருக்கும் தெரியும், அதை விடுவம். மனசை விட்டுப் போகாதது, இராமனிட்டத் தோத்துத் திரும்பின அந்த இரவு. கம்பர் ஒவ்வொண்டாச் சொல்லுறார்: மலை எடுத்த தோள், பத்து முடி, சங்கரன் குடுத்த வாள், வீரம் எல்லாத்தையும் களத்தில போட்டிட்டு வெறுங்கையோட ஊருக்குள்ள வாறான். படுத்துக் கிடந்து அவன் எதுக்கு வெட்கப்படுறான்? வானம் சிரிக்கும், மண் சிரிக்கும் எண்டு இல்லை, சீதை சிரிப்பாளே எண்டு. விடியமுதல் அவளைத் திருப்பி அனுப்பியிருந்தால் கும்பகர்ணனும் இந்திரசித்தும் உயிரோட இருந்திருப்பினம். என்னால அதைத் தாண்ட முடியேல்லை.

மூதூர்:
தூக்கி வந்தாலும் விரல் படேல்லை. கம்பனில பர்ணசாலையை (சீதை இருந்த இலைக் குடிசையை) நிலத்தோட பெயர்த்தெல்லோ கொண்டு வந்தான்? அதை ஒருத்தரும் கணக்கில எடுக்கிறியள் இல்லை.

தம்பலகாமம்:
மூதூர்த் தம்பி, கம்பரின்ர அந்தப் பாட்டை முழுக்க வாசியும். அயன் (பிரமன்) முந்திச் சொன்ன சாபத்தை நினைச்சுத்தான் தீண்டேல்லை எண்டு கம்பரே சொல்லுறார். அதுக்காகத்தான் ஒரு யோசனை நிலத்தைக் கீண்டது. வான்மீகியில நிலம் பெயர்க்கிற கதையே இல்லை. இடக்கையால தலைமயிரைப் பிடிச்சு, வலக்கையால தொடையில பிடிச்சுத் தூக்குறான். விருப்பமில்லாத பெண்ணைத் தொட்டால் தலை நூறாச் சிதறும் எண்ட சாபத்தை யுத்தகாண்டத்தில தன்ர வாயாலேயே சொல்லுறான். அவளுக்குக் குடுத்த தவணை 12 மாதம். அதுக்குள்ள இணங்காட்டி வெட்டிக் காலைச் சாப்பாடாக்கச் சொல்லுறான். அனுமன் போகேக்க 2 மாதம்தான் மிச்சம். சாபத்துக்குப் பயந்து விலகி நிண்டதை ஒழுக்கம் எண்டு எழுதக் கூடாது.

நிலாவெளி:
உப்புவெளி அண்ணை, ஒரு இரவை மட்டும் வைச்சுத் தீர்ப்புச் சொல்லாதேங்கோ. அவன் எடுத்த முடிவுகளை நடந்த ஒழுங்கில வையுங்கோ. ஒவ்வொண்டிலையும் மூண்டு கேள்வி கேளுங்கோ: அப்ப அவனுக்கு என்ன தெரியும், ஆர் தடுத்தது, ஆர் அழிஞ்சது.

வான்மீகியில இராமனால தம்பி கரனும் 14,000 அரக்கரும் அழிஞ்ச செய்தியை முதல் கொண்டு வாறது அகம்பனன் எண்ட அரக்கன். சீதையைத் தூக்க உதவி கேட்டு இராவணன் மாரீசனிட்டப் போறான். வேண்டாம் எண்டு அவன் சொன்னதும் பேசாமல் இலங்கைக்குத் திரும்பிறான். பிறகு சூர்ப்பணகை வந்து சீதையின்ர அழகைச் சொல்லுறாள். திரும்பவும் மாரீசனிட்டப் போறான், அவனும் பழையபடி வேண்டாம் எண்டுறான். இந்த முறை, செய்யாட்டி இப்பவே கொல்லுவன் எண்டு இராவணன் மிரட்டுறான்.

அனுமன் விசயத்தையும் பாருங்கோ. தூதனைக் கொல்லக் கூடாது எண்டு வீடணன் சொல்ல, கேட்டு, வாலில நெருப்பு வைக்கிறதோட விட்டான். அதே வீடணன் சீதையை விடு எண்டதும், குலத்துக்கே கேடு எண்டு ஏச, வீடணன் வெளிக்கிட்டுப் போறான். புத்தி சொன்னால் கேட்கத் தெரிஞ்ச ஆள்தான் அவன். கேட்கத் தெரிஞ்சும் சீதை விசயத்தில மட்டும் கேட்காதபடியால்தான் குற்றம் கூடுது.

ரெண்டு இடத்தில ஆக்கள் பிழை விடுறவை. ஒண்டு, ரெண்டு காவியத்தின்ர கதையையும் கலக்கிறது. கம்பனில அரை, வான்மீகியில அரை எடுத்தால் எந்தக் காவியத்திலையும் இல்லாத ஒரு இராவணன் வருவான். மற்றது, பக்தியைக் குற்றத்தில கழிச்சுப் பாக்கிறது. ஞானசம்பந்தர் பதிகங்களில எட்டாம் பாட்டு அநேகமா இராவணனுக்குத்தான். எங்கட கோணமலைப் பதிகத்திலையும் அப்பிடித்தான்: விரலால செருக்கு அடங்கினதும் வருது, ஏத்தினபிறகு பேறு கிடைச்சதும் வருது. ஒரே பாட்டுக்குள்ள ரெண்டும் இருக்கு, ஒண்டு மற்றதை அழிக்கேல்லை. தீர்ப்புச் சொல்லுற எல்லாரும் முதல் அந்தப் பாட்டைப் படிக்க வேணும்.

கன்னியா:
நிலாவெளி சொன்னதில தாயின்ர கதை வரேல்லை. கோணமலையைப் பெயர்க்கப் போனது தாய் இருந்த இடத்திலேயே கும்பிடட்டும் எண்டு. விஷ்ணு அந்தணரா வந்து தாய் செத்ததைச் சொல்லி மறிச்சார். தாய்க்குக் கடன் கழிக்கத் தண்ணி எடுக்கக் கன்னியாவில ஏழு இடத்தில வாளால குத்தினது இராவணன் எண்டும், தடியை ஊண்டினது விஷ்ணு எண்டும் ஊரில ரெண்டு விதமாக் கதைப்பினம். இண்டைக்கும் செத்தவைக்குக் கடன் கழிக்கச் சனம் அங்கதான் போகுது. ஏழு கிணறும் ஏழு சூடு, வாளியால அள்ளி அள்ளி வாக்கிறது.

தாய்ப்பாசம் உண்மைதான். ஆனா அதிலையும் அவன்ர குணம் தெரியுது. கைலாயம், கோணமலை, கம்பனில பர்ணசாலை, மூண்டையும் பெயர்த்துத்தான் எடுக்கப் பாத்தான். கேட்டு வாங்கிற பழக்கமே அவனிட்ட இல்லை. வெட்டுக்குப் பக்கத்தில கைகூப்பி நிக்கிற சிலையைக் காட்டிப் பெரிய பக்தன் எண்டு மட்டும் பிள்ளையளுக்குச் சொல்லி விடுறது போதாது.

மனையாவெளி:
நிலாவெளியின்ர மூண்டோட நாலாவது கேள்வியும் வேணும்: ஆர் ஒத்துப் போனது? கும்பகர்ணனைப் பாவம் எண்டு விடுறியள். கம்பனில முதல் மந்திராலோசனையில, வாயால மானம் பேசிக்கொண்டு காமத்தைப் பேணுறம் எண்டு அண்ணன்ர முகத்துக்கு நேர சொன்னவன் அவன். ஆனா அதே பேச்சில, இனி விட்டால் எளியவை ஆயிடுவம், சண்டை பிடிச்சுச் செத்தாலும் நல்லது எண்டு முடிச்சிட்டான். அண்ணனுக்குத் தேவைப்பட்டது அந்தப் பின்பாதிதான். வீடணனோட சேர்ந்து அண்டைக்கே விடு எண்டு நிண்டிருந்தால் சபை ரெண்டாப் பிரிஞ்சிருக்கும்.

அந்த இரவுக்குப் பிறகு நித்திரையால எழுப்பினபோதுதான், சானகி துயர் இன்னும் தீரேல்லையோ எண்டு கேட்டு, விட்டிடு எண்டு தெளிவாச் சொல்லுறான். மானிடர் ரெண்டு பேரையும் கூன் குரங்கையும் கும்பிட்டுப் பிழைக்கிறது உனக்கும் உன்ர தம்பிக்கும்தான் சரி, என்னால ஏலாது, எழும்பிப் போ எண்டு ஏசுறான் இராவணன். கும்பகர்ணன் மன்னிப்புக் கேட்டிட்டுப் போருக்குப் போறான்.