பேக்டெஸ்ட் செய்யுமுன் பழைய விலைத் தரவைச் சரிபார்ப்பது எப்படி?

கேள்வி

வணக்கம். முந்தைய நாள் முடிவு விலையைவிட 4 சதவீதத்துக்கு மேல் இறங்கித் திறக்கும் பங்கைத் திறப்பு விலையில் வாங்கி, மூன்று வர்த்தக நாள்கள் கழித்து விற்பது என்ற எளிய உத்தியைப் பழைய விலைகளில் ஓட்டிச் சோதித்து (பேக்டெஸ்ட்) வருகிறேன். இன்றைய நிஃப்டி 50 பட்டியலில் உள்ள பங்குகளின் 2010 முதல் 2024 வரையிலான தினசரி விலைகளை இதற்காக ஒரு கட்டணச் சேவையிடம் வாங்கினேன். அவற்றைத் தேசியப் பங்குச் சந்தையின் பாவ்காப்பியுடன் (சந்தையே நாள்தோறும் வெளியிடும் விலைக் கோப்பு) அங்கங்கே ஒப்பிட்டால், பல பங்குகளின் பழைய விலைகள் மடங்குக் கணக்கில் வேறுபடுகின்றன. அது மட்டுமன்றி, ஒரு நிமிடத் தரவில் நாளின் கடைசிக் கேண்டில் (ஒரு நிமிடத்தின் விலைப் பதிவு) முடியும் விலையும் தினசரி முடிவு விலையும் பெரும்பாலான நாள்களில் ஒத்துப்போவதில்லை. எதை நம்புவது, எங்கிருந்து சரிபார்க்கத் தொடங்குவது?

பதில் 1

நீங்கள் இரண்டாவதாகச் சொல்வது தரவின் பிழை அன்று. நீங்கள் சோதிக்கும் ஆண்டுகளில், தேசியப் பங்குச் சந்தையில் ஒரு பங்கின் முடிவு விலை என்பது பிற்பகல் 3 மணி முதல் 3.30 வரை நடந்த வர்த்தகங்களின், அளவால் எடையிட்ட சராசரி விலை. கடைசியாக நடந்த வர்த்தகத்தின் விலை பாவ்காப்பியில் தனிப் பத்தியாகவே இருக்கிறது. நிமிடத் தரவை அந்தக் கடைசி விலையோடுதான் ஒப்பிட வேண்டும். முடிவு விலையிலேயே விற்றதாக உங்கள் நிரல் கணக்கிட்டால், அந்தச் சராசரி விலை நடைமுறையில் அப்படியே கிடைத்திருக்காது என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

மடங்கு வேறுபாட்டுக்குக் காரணம் போனஸும் (இலவசக் கூடுதல் பங்கு) பங்குப் பிரிப்பும் (ஒரு பங்கைப் பலவாக உடைப்பது). இரண்டிலும் பங்குகளின் எண்ணிக்கை கூடும் அளவுக்கு விலை குறையும்; பழைய விலைகளை அதற்கேற்பக் குறைத்துக் காட்டுவதே சரிக்கட்டுதல். இன்ஃபோசிஸ் 2014, 2015, 2018 ஆகிய ஆண்டுகளில் ஒன்றுக்கு ஒன்று என மூன்று முறை போனஸ் வழங்கியதால், 2014 நவம்பரில் 4,000 ரூபாய்க்கு மேல் விற்ற பங்கு, சரிக்கட்டிய தரவில் எட்டில் ஒரு பங்காக, 500 ரூபாய் அளவில் தெரியும். பாவ்காப்பி அன்று நடந்ததை அப்படியே வைத்திருக்கிறது. உங்கள் சேவை பின்னோக்கித் திருத்தியிருக்கிறது. இரண்டும் சரியாகவே இருக்கலாம்.

திருத்தம் ஒழுங்காக நடந்திருக்கிறதா என்று அறிய நான் பின்பற்றும் வழி இது. ஒவ்வொரு நாளும் சேவையின் முடிவு விலையைப் பாவ்காப்பியின் முடிவு விலையால் வகுத்து, அந்த விகிதத்தை வரைபடமாக்குங்கள். அது படிக்கட்டு போலத் தெரிய வேண்டும். அதாவது போனஸ் அல்லது பிரிப்பின் எக்ஸ் தேதியில் (அந்தப் பலன் இல்லாமல் பங்கு விற்கத் தொடங்கும் நாள்) மட்டும் ஏறி, மற்ற நாள்களில் சமமாக நீள வேண்டும். எக்ஸ் தேதிக்கு ஒரு நாள் முன்போ பின்போ படி விழுந்திருந்தால், இல்லாத ஒரு பெருஞ்சரிவோ ஏற்றமோ உங்கள் சோதனைக்குள் நுழைந்திருக்கும். உங்கள் உத்தி சரிவைத் தேடிப்போய் வாங்குவதால், அந்தப் பொய்ச் சரிவுகள் ஒன்று விடாமல் அதில் சிக்கும். ஆண்டுக்கு ஓரிரு முறை மிகச் சிறிய படிகள் தெரிந்தால், சேவை டிவிடெண்டையும் (ஈவுத்தொகை) கழிக்கிறது என்று பொருள். வர்த்தக அளவு எதிர்த்திசையில் திருத்தப்பட்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள். பல சேவைகள் விலையைத் திருத்திவிட்டு அதை மறந்துவிடுகின்றன.

இன்னொன்று: '100 ரூபாய்க்குக் கீழுள்ள பங்கை வாங்காதே' என்பது போன்ற விதி எதுவும் இருந்தால், அதற்குச் சரிக்கட்டாத விலையையே பயன்படுத்துங்கள். இல்லையேல் பின்னாளில் வரப்போகும் போனஸை முன்கூட்டியே அறிந்தவர்போல நிரல் முடிவெடுக்கும்.

பதில் 2

மேலே சொன்ன சோதனையில் நிறுவனப் பிரிவினைகளை (ஒரு நிறுவனத்தின் தொழில் தனி நிறுவனமாகப் பிரிவது) தனியாகக் கவனியுங்கள். 2023 ஜூலை 20 அன்று ஜியோ ஃபைனான்ஷியல் பிரிந்தபோது, முந்தைய நாள் 2,841.85 ரூபாயில் முடிந்த ரிலையன்ஸ், சந்தை திறக்குமுன் நடந்த சிறப்பு அமர்வில் 2,580 ரூபாய்க்கு வந்தது. வேறுபாடான 261.85 ரூபாயே புதிய பங்கின் விலையாகக் கொள்ளப்பட்டது. பங்குதாரருக்கு எந்த இழப்பும் இல்லை. ஆனால் திருத்தாத தரவில் உங்கள் நிரல் அதை 9 சதவீதச் சரிவாகக் கண்டு வாங்கும். பிரிவினையைத் திருத்துவதில் சேவைகள் ஒருமித்த வழக்கத்தைப் பின்பற்றுவதில்லை என்பதால், அத்தகைய நாள்களைச் சோதனையிலிருந்து விலக்கிவிடுவதே எனக்குச் சரியாகப் படுகிறது.

பதில் 3

விலையைவிட எனக்குப் பெரிய ஐயம் உங்கள் பட்டியலைப் பற்றியது. இன்றைய நிஃப்டி 50 என்பது பிழைத்து வளர்ந்தவற்றின் பட்டியல். 2010 தொடக்கத்தில் யூனிடெக், சுஸ்லான், ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ், ஜெய்பிரகாஷ் அசோசியேட்ஸ் ஆகியவை அதில் இருந்தன. 2015இல் சேர்க்கப்பட்ட யெஸ் வங்கி, ரிசர்வ் வங்கி கட்டுப்பாடு விதித்த மறுநாளான 2020 மார்ச் 6 அன்று இறங்கித் திறந்து, ஒரே நாளில் பாதிக்கு மேல் மதிப்பை இழந்து, அதே மாதம் குறியீட்டிலிருந்தும் வெளியேறியது. சரிவில் வாங்கும் ஓர் உத்திக்கு இவைதான் உண்மையான சோதனை; அவற்றை நீக்கிவிட்ட பட்டியலில், விழுந்த பங்கெல்லாம் பிறகு எழுந்துவிடும். இன்றைய பட்டியலிலிருந்து தொடங்கி, குறியீட்டு மாற்ற அறிவிப்புகளைப் பின்னோக்கிப் பிடித்துச் சென்றால், ஒவ்வொரு தேதிக்கும் உரிய ஐம்பதைத் தயாரித்துவிடலாம். அலுப்பூட்டும் வேலைதான். பெயரும் குறியீட்டெழுத்தும் (சந்தையில் பங்கைக் குறிக்கும் சுருக்க எழுத்துகள்) மாறியவற்றில் எச்சரிக்கை தேவை: சேசா கோவா, சேசா ஸ்டெர்லைட் ஆகி, பின்னர் வேதாந்தா ஆனது; இவற்றின் தரவை இணைக்காவிட்டால் ஒரே நிறுவனம் மூன்று துண்டுகளாகிவிடும்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. விகித வரைபடத்தை வரைந்தேன். நான்கு பங்குகளில் படிகள் எக்ஸ் தேதிக்கு ஒரு நாள் தள்ளி விழுந்திருக்கின்றன. கூடுதலாக ஒன்று கேட்கிறேன்: 2012 அக்டோபர் 5 போல நம்ப முடியாத தாழ்விலை தென்படும் நாள்களையும், சனிக்கிழமைத் தேதிகளையும் பிழையாகக் கருதி அழித்துவிடலாமா?

பதில் 1 எழுதியவர்

வேண்டாம். அன்று ஒரு தரகு நிறுவனத்தின் தவறான ஆணைகளால் நிஃப்டி சுமார் 900 புள்ளிகள் விழுந்து வர்த்தகம் நின்றது. அது நடந்த நிகழ்வு. அந்த அடிவிலையில் உங்களுக்கு வாங்கக் கிடைத்திருக்கும் என்று மட்டும் கருதாதீர்கள். சனிக்கிழமைகளைப் பொறுத்தவரை, 2020 பிப்ரவரி 1 பட்ஜெட் நாள்; 2024இல் ஜனவரி 20 முழு வர்த்தக நாள், மார்ச் 2 சந்தையின் மாற்றுக் கணினி மையத்தைச் சோதிப்பதற்கான சிறப்பு அமர்வு. தீபாவளி முகூர்த்த வர்த்தகமும் ஞாயிற்றுக்கிழமை வந்ததுண்டு. நிமிடத் தரவில், 2021 பிப்ரவரி 24 அன்று முற்பகல் 11.40க்கு நின்ற சந்தை பிற்பகல் 3.45க்குத் திறந்து 5 மணி வரை நடந்தது. 2010 அக்டோபர் 18க்கு முன் 9.15 என்ற தொடக்க நேரமே கிடையாது. 'மாலை 3.30க்குப் பிந்தைய கேண்டில்களை நீக்கு' என்று ஒரே விதியை எழுதிவிடாமல், தேதிவாரியான அமர்வு நாட்காட்டி ஒன்றைத் தனிக் கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள்.